கழகத்துக்குக் கொடுத்த குரல்

ஹைதராபாத்
08-06-2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எட்வர்ட் எழுதுவது.

கர்த்தர் தயவில் நானும் கிரேஸும் பிள்ளையும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி? மாமாவுக்கு அனல்மின் நிலையத்தில் இன்னமும் நைட் ஷிப்ட்தானா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் தென்னகக் கணினி மொழியியலாளர் கழகத்துக்கு இந்த டிசம்பரோடு இருபது வயது. மனிதர் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கப் பாடுபடுகிறவர்களின் சங்கம் என்று வைத்துக்கொள். விழாவுக்கு மலர் போடுகிறார்கள். கழகத்தின் வரலாற்றை எழுதும் வேலையைத் தலைவர் சந்திரமோகன் சார் என் தலையில் கட்டிவிட்டார், நான்தான் செயலாளர் என்று.

வரலாறு என்று பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆரம்பத்தில் எங்கள் பெயர் இயந்திர மொழிபெயர்ப்புக் கழகம். முதல் மாநாட்டில் நாங்கள் செய்த இயந்திரம் வரவேற்புரையை மொழிபெயர்த்த லட்சணத்தைப் பார்த்து அவை முழுக்கச் சிரித்தது. ஐந்தாம் வருடம் வெட்கப்பட்டுப் பெயரையே மாற்றிக்கொண்டோம். அப்புறம் உருப்படியாகச் செய்தது என்றால், பதினொரு வருடத்துக்கு முன் நம் ஊரில் பெண்களின் பேச்சைப் பதிவு செய்து சேர்த்த 'கும்மிடிப்பூண்டிப் பேச்சுத் தொகுப்பு'தான். இன்றைக்கும் வெளிநாட்டில் யாராவது எங்கள் கழகத்தைப் பற்றிக் கேட்டால் அதைத்தான் காட்டுகிறோம்.

அந்தப் பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவள் நீ. அந்த நாட்களைப் பற்றி எழுதி அனுப்பு. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாதான் போச்சு" என்று முடித்துவிடுவாய். உன் பெயர் போட்டே வெளியிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்காவிடமும் இரண்டு வார்த்தை வாங்கி அனுப்பு. தொகுப்பிலேயே கேட்கக் கேட்க அலுக்காத குரல் அவருடையது.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
எட்வர்ட்

•

அத்திப்பட்டு
20-06-2024

அன்புத் தம்பி எட்வர்ட்டுக்கு, அக்கா மெர்சியின் வாழ்த்துகள்.

இங்கே ஆண்டவர் நடத்துகிறார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளில் வலி குறைவு, கிடைக்காத நாளில் கூடுதல். உன் கடிதத்தில் கழகம் என்று பார்த்துவிட்டு மாமா, "உன் தம்பி எந்தக் கட்சியில சேர்ந்துக்கினான்?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

கேட்டதை எழுதுகிறேன். பதிவு எடுத்தது நம் அத்திப்பட்டுச் சபையின் பின்னறையில். கும்மிடிப்பூண்டி என்று நீங்கள் ஏன் பெயர் வைத்தீர்களோ தெரியாது, நாங்கள் அங்கே வேலைக்குப் போகிறோம், அவ்வளவுதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று பெட்ஷீட்டுகளை நனைத்து ஜன்னல்களில் கட்டினோம். ஃபேனையும் நிறுத்தச் சொன்னாய். மைக் முன்னால் எல்லாரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம்.

முதலில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எல்லாரும் ரேடியோவில் செய்தி படிக்கிற மாதிரி பேசினோம். நீதான், "மைக்கை மறந்துடுங்க. ஊட்டுக்கு வந்த சொந்தக்காரங்ககிட்ட பேசற மாதிரி பேசுங்க" என்றாய். அதற்கப்புறம் சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் கல்யாணத்தில் நடந்த சண்டையையும் நண்டுக் குழம்பு வைக்கிற விதத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அவள் சிரித்த சிரிப்பில் உன் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பதிவுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும்போது, எங்களோடு வேலைக்கு வரும் ரோஜா, "இதெல்லாம் எங்க போவும்?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், "என் தம்பி படிப்புக்கு. வேற எங்கயும் போவாது" என்று. அதைக் கேட்டுத்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சின்னப்பொண்ணிடம் இப்போது கேட்க முடியாது. அவள் கொஞ்ச நாளாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

கிரேஸையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அக்கா மெர்சி

•

ஹைதராபாத்
02-07-2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நனைத்த பெட்ஷீட்டுகளை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். சந்திரமோகன் சாருக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். உன் கடிதத்தை அப்படியே மலரில் சேர்க்கிறோம். இடப் பற்றாக்குறையால் ரோஜா கேட்ட கேள்வி வரும் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன்.

சின்னப்பொண்ணு அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? தொண்டையில் ஏதாவது கோளாறா? வைத்தியச் செலவு இருந்தால் சொல், நான் அனுப்புகிறேன். அவருடைய போட்டோ ஒன்றும் வேண்டும்.

அன்புத் தம்பி,
எட்வர்ட்

•

அத்திப்பட்டு
19-07-2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸ்தோத்திரங்கள்.

எல்லாரும் சுகம். சின்னப்பொண்ணுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நானும் அவளும் கம்பெனிக்கு நேரடி ஆட்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாகத்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை. ஆர்டர் குறைந்த நாளில் விடியும்போதே போன் வரும், இன்று வர வேண்டாம் என்று. முன்பெல்லாம் சூப்பர்வைசர் பேசுவார், நாங்களும் அவரை வாங்கு வாங்கென்று வாங்குவோம். அப்புறம் மெஷின் பேச ஆரம்பித்தது. "தங்களுக்கு இன்று பணி ஒதுக்கப்படவில்லை" என்று சொல்லும். பாதி கேட்கும்போதே கட் பண்ணிவிட்டு ரயில் ஏறிவிடுவோம். கேட் முன்னால் போய் நின்று சத்தம் போட்டால் சில நாள் உள்ளே விடுவார்கள்.

இந்த மார்ச்சிலிருந்து வேறு குரல். "இன்னாம்மா, நல்லாக்கிறியா? இன்னிக்கு ஒனக்கு ஷிப்ட் இல்லம்மா. கேட்டாண்ட வந்து நிக்காத, வெயிலு. ஊட்லயே இரு." அப்படியே சின்னப்பொண்ணு. அந்த இழுப்பு, அந்தச் செல்லம் எல்லாமே அவளுடையது. அந்தக் குரல் சொன்னால் சண்டை போட மனசு வராது தம்பி. பாதிப் பேர் சரி என்று படுத்துவிடுகிறார்கள். கேட்டில் கூட்டமே இல்லை.

அவள் ஏஜென்சியோடு சேர்ந்துகொண்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுப்பதில்லை. ரோஜா முகத்துக்கு நேராகவே கேட்டாள், "எங்க வயித்துல அடிக்கிறதுக்கு எவ்ளோ குட்த்தான் ஒனக்கு?" என்று. சின்னப்பொண்ணு பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. நானே ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, நிஜமாக நீ இல்லையா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

நீ இந்த விஷயமெல்லாம் படித்தவன். ஒருத்தி பேசாததை அவள் குரலில் மெஷின் பேச முடியுமா? அந்த மெஷினுக்கு அவள் குரல் எங்கிருந்து கிடைத்திருக்கும்? தெரிந்தால் எழுது.

மெர்சி

•

ஹைதராபாத்
30-08-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமே. பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இப்போதெல்லாம் குரலைச் செய்யும் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. ஒரே வட்டாரத்துப் பெண்களின் குரல் ஒன்றுபோல் கேட்பதும் உண்டு. நேரில் சோதிக்காமல் இன்னாருடைய குரல் என்று அறிவியல்படி எதுவும் சொல்ல இயலாது. சின்னப்பொண்ணு அக்காவை மனசைத் தளரவிட வேண்டாம் என்று சொல்.

முழங்காலுக்கு நல்ல தைலம் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரவில் தடவிக்கொண்டு படு. மாமாவுக்கு ஒரு சட்டையும் இருக்கிறது. போட்டோ கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

எட்வர்ட்

•

அத்திப்பட்டு
12-09-2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். தைலம் வந்தது. சட்டை மாமாவுக்குச் சரியாக இருக்கிறது, ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போனார்.

சின்னப் பையனாக இருந்தபோது நீ தப்புச் செய்துவிட்டு வந்தால், "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டுக்கொண்டு என் பின்னாலேயே சுற்றுவாய். பார்சலைப் பிரித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

போன வாரம் சின்னப்பொண்ணு விடிகாலையில் என் வீட்டில் இருந்தாள். மற்றவர்களோடு ஸ்டேஷனுக்கு நடக்கக் கூச்சம், அதனால் என்னோடு வருவாள். டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "இன்னாம்மா, நல்லாக்கிறியா? இன்னிக்கு ஒனக்கு ஷிப்ட் இல்லம்மா" என்றது. அவளை வர வேண்டாம் என்று அவளே சொன்னாள். இவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, பழக்கத்தில், "சரிம்மா" என்றாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் டீயைக் கீழே கொட்டினேன்.

இப்போது அவள் பிள்ளையைக்கூடக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். தெருவில் அவள் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

நேராகக் கேட்கிறேன் எட்வர்ட். அவள் மைக் முன்னால் உட்கார்ந்தது வாழ்க்கையில் ஒரே தடவை, நம் சபை அறையில், உன் முன்னால். அந்தக் குரலை அவர்களுக்குக் கொடுத்தது யார்? தைலம் வேண்டாம், பதில் எழுது.

மெர்சி

•

ஹைதராபாத்
21-09-2024

அக்கா,

நீங்கள் எல்லாரும் சுகமா என்று கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

கொடுத்தது நாங்கள்தான். கொரோனாவுக்குப் பிறகு இரண்டு வருடம் மாநாடு இல்லை, உறுப்பினர்கள் விலகிக்கொண்டே இருந்தார்கள். கழகத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது மெஷினுக்குக் குரல் செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்று பணம் தருவதாகச் சொல்லிப் பேச்சுத் தொகுப்பைக் கேட்டது. செயற்குழுவில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "உங்க ஊர் ஜனங்க. நீங்க சரின்னா எங்களுக்கும் சரி" என்றார் சந்திரமோகன் சார். ரோஜா கேட்டதும், நீ கொடுத்த வாக்கும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கம்பெனிக்காரர்கள் செய்வதும் ஆராய்ச்சிதானே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கவும் செய்தேன், அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் குரலை உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியும் எழுதினேன். நிறுத்திவிட்டு வேறு ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்தது. மேற்கொண்டு எதுவும் நான் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சின்னப்பொண்ணு அக்காவிடம் சொல்லாதே. ஊருக்கு வந்தால் முதல் நாளே மீன் கொண்டுவந்து கொடுப்பவர். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? குரல் நின்றுவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

எட்வர்ட்

•

அத்திப்பட்டு
20-10-2024

தம்பி எட்வர்ட்டுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. மற்றபடி வீட்டில் எல்லாரும் நலம்.

குரல் நின்றுவிட்டது. பழைய சூப்பர்வைசரே மறுபடி போன் பண்ணுகிறார், நாங்களும் பழையபடி திட்டுகிறோம். முதலில் யாரும் சின்னப்பொண்ணிடம் வந்து தப்பு என்று சொல்லவில்லை. ஒரு நாள் ரோஜா மட்டும் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். சின்னப்பொண்ணு உட்கார்ந்தாள். பொன்னேரி தாண்டும்போது கொழுந்தன் பெண்டாட்டியைப் பற்றி ஏதோ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் தன் குலதெய்வம்தான் நிறுத்தியது என்று நம்புகிறாள். பொங்கல் வைத்துவிட்டு எனக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். "நீ ஒருத்திதான் கடைசி வரிக்கும் என்னோட நடந்த மெர்சி" என்றாள். நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன். பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் வேகமாக நடக்கிறேன்.

எனக்காக ஒன்று செய். நீ எழுதும் வரலாற்றில் ஒரு வரி போடு. இந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கைக் கழகம் காப்பாற்றவில்லை என்று. உன் பெயரைப் போட வேண்டாம். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

மெர்சி

•

ஹைதராபாத்
16-12-2024

அன்புள்ள அக்காவுக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நாங்கள் சுகம். விழா நல்லபடியாக முடிந்தது. மலரைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் கட்டுரையை எல்லாரும் பாராட்டினார்கள்.

நீ கேட்ட வரியை எழுதித்தான் கொடுத்தேன். "விழா நேரத்துல எதுக்குங்க இது, வர்றவங்க மனசு சங்கடப்படும்" என்றார் சந்திரமோகன் சார். நான் வற்புறுத்தவில்லை. அந்த இடத்தில், "இத்தொகுப்பு இன்று தொழில்துறையிலும் பரவலாகப் பயன்பட்டு வருகிறது" என்று இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு வர நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் கேட்கவே இல்லை. புத்தாண்டு அன்று போன் செய்கிறேன்.

எட்வர்ட்

•

அத்திப்பட்டு
04-01-2025

எட்வர்ட்டுக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உன் குடும்பத்துக்கு நன்மை செய்யட்டும். மலர் வந்தது. படித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். ரோஜாவின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி ஸ்பீக்கரில் போட்டாள், அது மறுபடி முதலிலிருந்து சொன்னது. "கண்ணு, தூங்கிக்கினு இருக்கியா? இன்னிக்கு வேலை இல்லியாம்டா. அலையாத." பேசியது என் குரல்.

நீ ஒரு குரலை நிறுத்தச் சொன்னாய். நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார்கள். சபை அறையில் நானும்தானே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினேன். உன்னிடம்தான் பேசினேன் தம்பி. சொந்தக்காரங்ககிட்ட பேசற மாதிரி என்று நீ சொன்னதால், அந்த மைக்கை நீ என்று நினைத்துக்கொண்டு பேசினேன். அந்தக் கண்ணு நீதான்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் சின்னப்பொண்ணு முன்னால் வந்து நின்றாள். "அவ இல்லடி. மெஷினு. என் குரலு பேசல? அப்ப நான் கத்துனத நீங்க எவளும் நம்பல. இவளயாவது நம்புங்க" என்றாள். எனக்காக அவள் சண்டை போட்டதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ரயிலில் ஏறியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யார் கொடுத்தது, யார் கையெழுத்துப் போட்டது, எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று. மீஞ்சூரில் ஆரம்பித்தேன், கவரைப்பேட்டைக்குள் முடிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. இறங்கும்போது, "பொங்கல் துன்னும்போதும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு, "உன் தம்பிய வரச் சொல்லு. பேப்பர்ல எழுத வேணாம். எங்க எல்லாரையும் பாத்து வாயால சொல்லட்டும்" என்றாள். அடுத்த நாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறுகிறாள்.

வருவாயா மாட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அவள் சொன்னதை உனக்குச் சொல்லிவிட்டேன்.

புத்தாண்டு அன்று நீ பல தடவை போன் செய்திருந்தாய். கோபத்தில் எடுக்காமல் இருந்தேன் என்று நினைக்காதே. உன் பெயர் திரையில் தெரிந்தது, ஆனாலும் கை போகவில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் பேசப்போவது நீயா நானா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா,
மெர்சி